கம்பைப் பார்த்து உட்காருங்கள்: மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் மீன்கொத்திகளைக் கவனிக்கும் முறை

மட்டக்களப்பு வாவிக் கரையில் மீன்கொத்தியைக் காண விரும்புகிறவர், பறவையைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, அது வந்து உட்காரும் கம்பைத் தேடவேண்டும். பறவை நிமிடத்துக்கு நிமிடம் இடம் மாறும். கம்பு நின்ற இடத்திலேயே நிற்கும். வலை கட்டுவதற்காக நட்டுக் கைவிடப்பட்ட தடி, தோணி கட்டும் முளை, நீரின் மேல் வளைந்து நிற்கும், உவர்நீர்ச் சேற்றில் வளரும் கண்ணா மரக் கிளை, வாய்க்கால் மதகின் இரும்புத் தண்டு, வயலுக்குக் குறுக்கே போகும் மின்கம்பி என்று ஒவ்வொரு மீன்கொத்திக்கும் தன் எல்லைக்குள் வழக்கமான இருக்கைகள் சில உண்டு. ஒரு நாளில் அது அவற்றுக்கிடையே பலமுறை சுற்றி வரும். அந்த இருக்கைகளில் ஒன்றைக் கண்டுபிடித்து, அதற்கு எதிரே அசையாமல் அரை மணி நேரம் உட்காரப் பழகியவருக்கு மற்றவை எல்லாம் தாமாகவே வந்து சேரும்.

கம்பை அடையாளம் காண்பது கடினமன்று. அதன் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் சுண்ணாம்பு வழிந்ததுபோல் வெள்ளை எச்சக் கோடுகள் இறங்கியிருக்கும். நீர்க்காகமும் கொக்கும் இப்படிக் கறை வைக்கும்தான். ஆனால் அவை தடித்த, அகலமான இடங்களை விரும்புபவை. விரல் பருமனுள்ள மெல்லிய கம்பில் எச்சக் கோடு கண்டால் அது பெரும்பாலும் மீன்கொத்தியின் இருக்கை. கம்பு தரையின் மேல் இருந்தால் அதன் அடியில் குனிந்து பாருங்கள். மீனின் முள்ளும் செதிலும் இறாலின் ஓடும் செரிக்காமல், அவற்றை மீன்கொத்தி சிறு உருண்டையாகத் திரட்டிக் கக்கிவிடும். சாம்பல் நிறத்தில், தொட்டால் பொடிந்துபோகும் அந்த உருண்டையைக் காகிதத்தில் வைத்து உதிர்த்துப் பார்த்தால், அந்தப் பறவை நேற்று என்ன சாப்பிட்டது என்று தெரிந்துவிடும். நான் பார்த்த உருண்டைகள் சிலவற்றில் மீன்முள்ளே இல்லை; வண்டுச் சிறகும் வெட்டுக்கிளியின் காலும் மட்டுமே இருந்தன. அவை வெண்தொண்டை மீன்கொத்தியின் கம்புக்குக் கீழே கிடந்தவை. அந்தப் பறவையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பெயரைப் பற்றி ஒரு சொல். மீன்கொத்தி மீனைக் கொத்துவதில்லை. அலகைக் குத்தூசிபோல் பாய்ச்சாமல், இடுக்கிபோல் திறந்து இரண்டு தாடைகளுக்கும் நடுவே மீனைக் கவ்வி எடுக்கிறது. பழந்தமிழ்ப் பாடல்களில் இதற்குச் சிரல் என்று பெயர். நீலமணியின் நிறம் கொண்டதால் மணிச்சிரல் என்றும் பாடினார்கள். அந்தப் பெயர் வழக்கொழிந்து போனது எனக்கு வருத்தம்தான்.

எந்த மீன்கொத்தி என்று பிரித்தறிதல்

இலங்கையில் ஆறு வகை மீன்கொத்திகள் கூடு வைத்துக் குஞ்சு பொரிக்கின்றன. ஏழாவது ஒன்று பருவத்துக்கு வந்துபோகும் அரிய விருந்தாளி. கிழக்குக் கரையில் புதிதாகக் கவனிக்கத் தொடங்குபவர் முதலில் மூன்றை மட்டும் திருத்தமாகக் கற்றுக்கொண்டால் போதும்.

முதலாவது சிறுநீல மீன்கொத்தி. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரியது; அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை ஏறக்குறைய 16 சென்ரிமீற்றர். முதுகு பளபளக்கும் நீலம், வயிறு செம்மஞ்சள், வால் குட்டை. நம்மில் பெரும்பாலோர் இதை முதலில் காண்பது, நீர்ப்பரப்பை ஒட்டி நேர்கோட்டில் ஓர் ஊசி பாய்வதுபோல் போய் மறையும் நீலக் கீற்றாகத்தான். மெல்லிய கூர்மையான ‘சீ’ என்ற ஒலி அதற்குச் சற்று முன்னரே கேட்டுவிடும். அந்த ஒலி காதில் விழுந்ததும் நீர்மட்டத்தைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். ஆணையும் பெண்ணையும் பிரிக்க அலகைப் பார்க்கவேண்டும். ஆணின் அலகு முழுவதும் கறுப்பு. பெண்ணின் கீழ்த்தாடை வெற்றிலை போட்டதுபோல் சிவந்திருக்கும்.

இரண்டாவது கருவெள்ளை மீன்கொத்தி. உடலில் வேறு நிறமே கிடையாது. கறுப்பும் வெள்ளையும் மட்டுந்தான். தலையில் சிறு கொண்டை உண்டு. மார்பில் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருந்தால் ஆண். ஒரே பட்டை, அதுவும் நடுவில் அறுந்ததுபோல் இருந்தால் பெண். இதன் அடையாளம் நிறத்தைவிட நடத்தையில்தான் இருக்கிறது. வாவியின் நடுவே, கம்போ கிளையோ இல்லாத வெட்டவெளியில், 5 அல்லது 10 மீற்றர் உயரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்தபடி நிற்கும். உடல் சாய்ந்து, வால் விரிந்து, சிறகுகள் கண்ணுக்குத் தெளியாத வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் தலை மட்டும் ஆணி அடித்ததுபோல் அசையாமல், அலகு செங்குத்தாக நீரைப் பார்த்திருக்கும். பிறகு சிறகை மடக்கிக் கல்லைப்போல் விழும். சில நேரம் பாதி வழியில் நிறுத்தி, இன்னும் தாழ்வாக நின்று மீண்டும் குறிபார்க்கும். சிறிய மீனாக இருந்தால் பறந்தபடியே விழுங்கிவிடும். கம்புக்குத் திரும்பவேண்டிய தேவையில்லை. மற்ற மீன்கொத்திகள் கரையோடு ஒட்டிக் கிடக்க, இது மட்டும் நடுவாவிவரை போய் வேட்டையாட முடிவது அதனால்தான். கல்லடிப் பழைய பாலத்தில் காலையில் நடப்பவர்கள் நீரின் மேல் கண்ணை வைத்திருந்தால் இதைக் காண வாய்ப்புண்டு. இந்த வாவியில் மீன் பாடும் என்பார்கள்; அதைக் கேட்க இரவில் அங்கே வருகிறவர்களுக்கு, பாடகரைக் காலையில் யார் சாப்பிடுகிறார் என்பது தெரியாமலே போய்விடுகிறது.

மூன்றாவது வெண்தொண்டை மீன்கொத்தி. மைனாவைவிடப் பெரியது, சுமார் 28 சென்ரிமீற்றர். தலையும் வயிறும் சொக்லேற் நிறம், தொண்டையும் மார்பும் வெள்ளை, முதுகு மயில்நீலம், அலகும் காலும் சிவப்பு. பறக்கும்போது சிறகில் பெரிய வெள்ளைத் திட்டு பளிச்சிடும். பெயரில் மீன் இருந்தாலும் இது பெரும்பாலும் தரையில் வேட்டையாடும் பறவை. வெட்டுக்கிளி, வண்டு, ஓணான், நண்டு, தவளை, சில நேரம் எலிக்குஞ்சு என்று கிடைத்ததைத் தின்னும். மீனும் அவற்றுள் ஒன்று, அவ்வளவுதான். வாவியிலிருந்து வெகுதூரத்தில் உள்ள வளவுகளிலும் தென்னந்தோட்டங்களிலும் பாடசாலை மைதானத்துக் கோல்கம்பத்திலும்கூட இது உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அதுவே. விடியற்காலையில் தென்னையின் உச்சியில் இருந்து, மேலே தொடங்கிக் கீழே சரியும் ஒரு நீண்ட நடுங்கும் சிரிப்பொலியை எழுப்பும். அந்த ஒலியை ஒரு வாரம் தொடர்ந்து கேட்டு எத்திசையிலிருந்து வருகிறது என்று குறித்துக்கொண்டால், வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே ஒரு மீன்கொத்தியின் எல்லையை நீங்கள் வரைந்துவிடலாம். தொடங்குபவருக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது இதைத்தான். கூச்சம் குறைந்தது, அளவில் பெரியது, ஊருக்குள்ளேயே இருப்பது.

முதலாவதிலும் மூன்றாவதிலும் காணும் நீலத்தைப் பற்றிப் புதியவர்கள் குழம்புவதுண்டு. சிறுநீல மீன்கொத்தியின் வயிற்றுச் செம்மஞ்சள் சாயத்தால் வருவது. முதுகின் நீலமோ சாயமன்று. இறகின் உள்ளே இருக்கும் மிக நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறி, நீலக் கதிர் மட்டும் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. ஆகவே வெளிச்சம் படும் கோணம் மாறினால் நிறமும் மாறும். காலைச் சூரியன் உங்கள் முதுகுப்புறம் இருக்க உட்கார்ந்தால் நீலமணி; சூரியனை எதிர்நோக்கி உட்கார்ந்தால் கம்பில் ஒரு கறுப்புப் புள்ளி. நீலம் தெரியவில்லை என்பதற்காக வேறு பறவை என்று எழுதிவிடாதீர்கள்.

நேரமும் நீரும் காற்றும்

வெயில் ஏறுவதற்கு முந்திய 2 மணி நேரமும், மாலை 4 மணிக்குப் பிந்திய நேரமும் பொதுவாக நல்லவை. ஆனால் இங்கே மணிக்கூட்டைவிட நீரையும் காற்றையும் பார்க்கவேண்டும். மீன்கொத்தி கண்ணால் வேட்டையாடுவது. நீர் கலங்கினாலோ, காற்றடித்து மேற்பரப்பு சுருங்கினாலோ அதற்கு மீன் தெரியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதியத்துக்குமேல் திறந்த வாவியில் உட்கார்ந்து பயனில்லை. கரையின் மறைவில் உள்ள சிறு குடாவுக்கோ, கண்ணாக்காட்டுக்குள் நுழையும் ஓடைக்கோ போய்விடுங்கள். பறவையும் அங்கேதான் போயிருக்கும்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. இங்கே கடல் ஏற்றவற்றத்தால் நீர்மட்டம் பெரிதாக மாறுவதில்லை; மாரி மழையும் முகத்துவாரமுந்தான் அதைத் தீர்மானிக்கின்றன. மாரியில் வெள்ளம் நிரம்பி நிற்கும்போது கம்புகள் மூழ்கி, நீர் தேநீர் நிறத்தில் ஓடும். அப்போது சிறுநீல மீன்கொத்தி வாவியை விட்டு வயல் வாய்க்கால்களுக்கும் ஊர்க் குட்டைகளுக்கும் இடம் மாறிவிடுவதைக் கண்டிருக்கிறேன். முகத்துவாரம் திறந்து வெள்ளம் கடலுக்கு இறங்கி, சேற்றுத்திட்டுகள் வெளிப்பட்டு, தேங்கிய பள்ளங்களில் மீன்குஞ்சும் இறாலும் அகப்பட்டுக்கொள்ளும் அந்த ஓரிரு வாரங்களைத் தவறவிடாதீர்கள். கொக்கும் நாரையும் அங்கே கூடும். அந்தக் கூட்டத்தின் ஓரத்தில், ஏதாவது ஒரு குச்சியின் மேல், மீன்கொத்தி தனியாக உட்கார்ந்திருக்கும்.

வயலிலும் இதே கணக்குத்தான். பெரும்போக வெள்ளாமைக்கு உழவு நடக்கும்போது மெசினுக்குப் பின்னால் கொக்குகள் நடக்க, வெண்தொண்டை மீன்கொத்தி வரம்பு மரத்திலிருந்து இறங்கி இறங்கித் தத்துக்கிளிகளைப் பொறுக்கும்.

உட்காரும் முறை

கம்பிலிருந்து 30 மீற்றராவது விலகி, முதுகுக்கு ஒரு மரமோ வேலியோ இருக்கும்படி உட்காருங்கள். வெள்ளை உடுப்பு வேண்டாம். வானத்துக்கு எதிரே தனியாகத் தெரியும்படி நிற்கவும் வேண்டாம். தொலைநோக்கி வாங்குவதானால் 8×42 என்று எழுதியிருப்பது போதும்: எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீற்றர் அகலம். அதைவிட அதிகம் பெரிதாக்குவதைக் கையில் பிடித்தால் நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். தொலைநோக்கி இல்லாதவர் தொலைபேசிக் கமராவை நம்பி நெருங்கிப் போவதைவிட, வெறுங்கண்ணால் தூரத்திலிருந்து பார்ப்பது மேல்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் பாதை எனப்படும் மிதவைப் படகு ஓடும் துறையருகே, ஒரு முளையில் உட்கார்ந்திருந்த சிறுநீல மீன்கொத்தியை நோக்கி அடிமேல் அடிவைத்துப் போய்க்கொண்டிருந்தேன். தோணியில் வலை அவிழ்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலை நிமிராமலே சொன்னார்: “மனே, நீ குருவியப் பாக்கிறாய், குருவி உன்னப் பாக்குது.” அவர் தோணியிலிருந்து அந்த முளைக்கு நான்கு பாக தூரந்தான் (ஒரு பாகம் ஆறடி). அவருக்கு அந்தப் பறவை அசையவில்லை. எனக்கு, அதைப்போல் மூன்று மடங்கு தூரத்திலேயே பறந்துவிட்டது. தன் வேலையைப் பார்ப்பவனையும் தன்னைப் பார்ப்பவனையும் மீன்கொத்தி பிரித்தறியும் என்று அதன்பின் எனக்குத் தோன்றியது. அடுத்த நாள் ஒரு நாவல் நிறச் சாரத்தை உடுத்து, ஒரு தூண்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அதே கரையில் உட்கார்ந்தேன். புழு கோக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் பறவை திரும்பி வந்தது.

அது வந்து உட்கார்ந்தபின் எதைப் பார்க்கவேண்டும்? முதலில் தலையை. மேலும் கீழும் தலையை அசைக்கும். தூரத்தை அளக்கிறது என்று கொள்ளலாம். நீருக்குள் சாய்த்த தடி முறிந்ததுபோல் தெரிவதை எல்லோரும் பார்த்திருப்போம். மீனும் அதுபோல, இருக்கும் இடத்தை விட்டுச் சற்று மேலே இருப்பதாகத்தான் கரையில் இருப்பவருக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொண்டு பாயத் தெரிந்த பறவை இது. நீரைத் தொடும் கணத்தில் ஒரு மெல்லிய படலம் கண்ணை மூடிக்கொள்கிறது. கடைசி நொடியில் அது ஏறக்குறையக் குருட்டுப் பாய்ச்சல். ஆகவே தவறுவதும் நிறைய. பத்துப் பாய்ச்சலில் எத்தனை தடவை மீனோடு எழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கலங்கிய நீரில் எண்ணிக்கை எப்படி விழுகிறது என்று நீங்களே கண்டுகொள்வீர்கள்.

மீனோடு கம்புக்குத் திரும்பியதும் நடப்பதுதான் மிக நெருக்கமாகப் பார்க்கவேண்டிய காட்சி. ஒரு நாள் திலாப்பியாக் குஞ்சு ஒன்றைச் சிறுநீல மீன்கொத்தி வாலோடு சேர்த்துக் கவ்விக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சரித்து, தோணிக் கயிறு சுற்றிய முளையில் அடித்தது. ‘டக், டக்’ என்று அடி விழும் ஓசை என் இடம்வரை கேட்டது. பன்னிரண்டு அடிக்குப்பின் மீனின் துடிப்பு நின்றது. முதுகின் முள்ளும் மடங்கிவிட்டது. பிறகு அலகுக்குள்ளேயே மீனைத் தூக்கிப் போட்டுப் பிடித்து, மெல்ல மெல்லத் திருப்பி, தலை தொண்டையை நோக்கி வந்ததும் ஒரே விழுங்கல். எப்போதும் தலைதான் முதலில். வால்பக்கமாக விழுங்கினால் செதிலும் முள்ளும் விரிந்து தொண்டையில் சிக்கும். இதில் ஒரு குறிப்பு ஒளிந்திருக்கிறது. மீனின் தலை வெளிப்பக்கமாக நீட்டியபடி அலகில் வைத்துக்கொண்டு ஒரு மீன்கொத்தி பறந்தால், அந்த மீன் அதற்கானதன்று. துணைக்கோ குஞ்சுக்கோ ஊட்டுவதற்காகக் கொண்டுபோகிறது. அது போகும் திசையில் ஒரு பொந்து இருக்கிறது.

பொந்து

மீன்கொத்தி பொதுவாக மரத்தில் கூடு கட்டுவதில்லை. செங்குத்தான மண்கரையில் பொந்து குடைகிறது. ஆணும் பெண்ணும் மாறி மாறி அலகால் மண்ணைக் குத்தி, காலால் பின்னுக்குத் தள்ளும். அதன் முன்விரல்களில் இரண்டு பாதிவரை ஒட்டியிருப்பதால் கால் சிறு மண்வெட்டிபோல் ஆகிவிடுகிறது. சுரங்கம் சற்று மேல்நோக்கிச் சரிந்து, ஒரு முழத்திலிருந்து இரண்டு முழம்வரை போய், முடிவில் ஓர் அறையாக விரியும். வைக்கோலோ பஞ்சோ கிடையாது. கக்கிய மீன்முள்தான் மெத்தை. முட்டைகள் வெள்ளை, ஏறக்குறைய உருண்டை. இருட்டுக்குள் இருப்பதால் புள்ளியோ நிறமோ தேவைப்படவில்லை. சிறுநீல மீன்கொத்தியின் முட்டை மூன்று வாரத்தில் பொரிக்கும்; குஞ்சுகள் மேலும் மூன்றரை வாரம் பொந்துக்குள் இருக்கும். குஞ்சின் இறகுகள் நெடுநாள் உறைக்குள்ளேயே இருப்பதால் அது முள்ளெலிக் குட்டிபோல் தோன்றும்.

பயன்படும் பொந்தையும் பழைய பொந்தையும் தூரத்திலிருந்தே பிரிக்கலாம். வாசலின் அடியில் பறவையின் கால்கள் தேய்த்த இரண்டு சிறு தடங்கள் இருந்து, வெள்ளை எச்சம் வழிந்து, மீன்நாற்றம் அடித்தால் உள்ளே குடியிருப்பு உண்டு. சிலந்தி வலை கட்டியிருந்தால் இல்லை. பொந்தை விட்டு வெளியே வந்த பறவை நேரே நீரில் இரண்டு மூன்று முறை விழுந்து குளிப்பதைக் கண்டாலும் அதே முடிவுதான். உள்ளே இருக்கும் அழுக்கைக் கழுவுகிறது.

குடியிருக்கும் பொந்துக்கு 50 மீற்றருக்குள் போகவேண்டாம். வாசலுக்கு நேரெதிரே ஒருபோதும் உட்காரவேண்டாம். கையையோ குச்சியையோ டோர்ச் வெளிச்சத்தையோ உள்ளே விடுவது குஞ்சைக் கொல்வதற்குச் சமம். முட்டையையும் குஞ்சையும் எடுப்பது சட்டப்படியும் குற்றம். வாயில் மீனோடு ஒரு பறவை கம்பில் உட்கார்ந்து, விழுங்காமலும் பறக்காமலும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தால், நீங்கள் அதன் வழியில் நிற்கிறீர்கள் என்று பொருள். உடனே எழுந்து போய்விடுங்கள்.

பொந்துகள் பெரும்பாலும் வாய்க்கால் கரையிலும் குளக்கட்டின் மண் எடுத்த பள்ளங்களிலும் இருப்பதால் இன்னொரு ஆபத்தும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நான் ஆறு வாரமாகப் பார்த்துவந்த ஒரு வாய்க்கால் கரையைத் துப்புரவு செய்வதற்காகப் பெக்கோ இயந்திரம் வந்தது. வேலை செய்தவர்கள்மேல் பிழையில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, தெரிந்திருந்த நானும் சொல்லவில்லை. மறுநாள் கரை சீவிய பனங்கிழங்குபோல் மழமழவென்று இருந்தது. இப்போதெல்லாம் பொந்து கண்டால், அந்த வாய்க்காலைப் பார்க்கும் கமக்காரர் அமைப்பில் யாராவது ஒருவரிடம் இடத்தைக் காட்டி, இரண்டு மாதம் அந்தப் பத்தடியை மட்டும் விட்டுவிட முடியுமா என்று கேட்கிறேன். கேட்ட இடங்களில் பெரும்பாலும் ஒத்துக்கொண்டார்கள்.

காட்டுப்பக்கம்

மற்ற வகைகளுக்காக அம்பாறைப் பக்கம் உள்ளே போகவேண்டும். இலங்கையின் மிகப்பெரிய மீன்கொத்தியான பெரிய அலகு மீன்கொத்தி 35 சென்ரிமீற்றருக்கும் அதிக நீளமானது. அலகு இரத்தச் சிவப்பு, அதன் பருமனைப் பார்த்தால் மரத்தால் செய்து ஒட்டியதுபோல் இருக்கும். நிழல் விழும் ஆற்றோரத்து மருத மரங்களின் நடுக்கிளையில் அசையாமல் உட்கார்ந்திருப்பதால், இத்தனை பெரிய பறவையை நாம் கடந்து போய்விடுவோம். அதன் உரத்த குரல்தான் காட்டிக்கொடுக்கும். தன் எல்லைக்குள் கழுகு வந்தாலும் விரட்டப் பின்வாங்காது. 1954இல் அறிவிக்கப்பட்ட கல்லோயாத் தேசியப் பூங்காவில், சேனநாயக்க சமுத்திரத்தில் படகில் போகிறவர்கள் பட்டுப்போன மரங்களை மட்டும் பார்த்துக்கொண்டிராமல், கரையின் நிழலையும் தேடவேண்டும். லகுகலைக் குளத்தின் ஓரங்களும் பொத்துவில் களப்பின் கண்ணாக்காடும் பொறுமை உள்ளவருக்கு ஏற்ற இடங்கள்.

மூவிரல் மீன்கொத்தி வெறும் 13 சென்ரிமீற்றர்; காட்டு ஓடைகளின் இருட்டில் பூச்சியும் சிலந்தியும் சிறு தவளையும் தின்று வாழ்வது. அதைக் காண்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். நீலக்காது மீன்கொத்தி அதைவிட அரிது. சிறுநீல மீன்கொத்தியைப் போலவே இருந்து, காதோரம் மட்டும் செம்மஞ்சளுக்குப் பதிலாக நீலமாக இருக்கும். ஆனால் இளம்பறவைக்குக் காதோரம் செம்மையாகவே இருப்பதால், தெளிவான படம் இல்லாமல் எழுதிவைக்காதீர்கள். வடகிழக்குப் பருவ மாதங்களில் கரையோரக் கண்ணாக்காடுகளில், கறுத்த தலையும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் ஊதா கலந்த நீல முதுகும் கொண்ட ஒன்றைக் கண்டால், அது கருந்தலை மீன்கொத்தி. கிழக்காசியாவிலிருந்து குளிருக்குத் தப்பி வரும் அந்த ஏழாவது விருந்தாளி.

எச்சரிக்கை ஒன்று. வாவியிலும் குளங்களிலும் முதலை உண்டு. நீர் விளிம்பில் குந்தியிருந்து படம் எடுக்கவேண்டாம். குளக்கட்டுகளில் மாலை 5 மணிக்குமேல் யானை இறங்கும், தனியாகப் போகவேண்டாம். தில்லை மரத்தில் சாயவேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

வலையில் அகப்பட்டால்

கரையில் வீசி எறிந்த தங்கூசி (மெல்லிய நைலோன் இழை) வலைத் துண்டுகளில் மீன்கொத்திகள் சிக்குவதுண்டு. கண்டால் முதலில் ஒரு துணியைப் பறவையின் தலைமேல் போடுங்கள்; இருட்டானதும் அடங்கிவிடும். அலகு உங்கள் முகத்துக்கு எட்டாத தூரத்தில், சிறகு இரண்டையும் உடலோடு சேர்த்து, நெஞ்சை அழுத்தாமல் பிடியுங்கள். நூலை இழுக்காதீர்கள், இழுத்தால் இறுகும். சிறு கத்தரிக்கோலால், தோலுக்கு மேல் தெரியும் இழையை ஒவ்வொன்றாக நறுக்குங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம். காயம் இல்லாவிட்டால், துளையிட்ட காட்போட் பெட்டியில் அரை மணி நேரம் நிழலில் வைத்து, பிடித்த இடத்திலேயே திறந்துவிடுங்கள். சிறகு தொங்கினால் அருகிலுள்ள வனசீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்கு அறிவியுங்கள். பிறகு அந்த வலைத் துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போங்கள்.

நீங்களே ஒரு கம்பு நடலாம்

சென்ற மாரி வெள்ளத்தில் நான் மூன்று வருடம் பார்த்துவந்த முளை அடித்துச் செல்லப்பட்டது. வெள்ளம் வடிந்தபின் முழங்கால் ஆழத் தெளிநீர் இருக்கும் ஓரிடம் பார்த்து, ஆறடி நீளமான காய்ந்த கண்ணாக் கம்பு ஒன்றை, காற்றில் விழுந்து கிடந்ததுதான், சேற்றில் இறக்கி நட்டேன். நுனியில் விரல் பருமனில் ஒரு கிளை, நீருக்கு மேல் நெஞ்சளவு உயரத்தில், படுக்கையாக நீட்டியிருக்கும்படி பார்த்துக்கொண்டேன். அந்தப் படுக்கைக் கிளைதான் முக்கியம். செங்குத்தான வழுக்குக் கம்பில் மீனை அடிக்க முடியாது. காலைச் சூரியன் முதுகில் விழும்படி என் இடத்தையும் தெரிவுசெய்தேன். கொப்பியில் திகதி, நேரம், காற்று, நீரின் தெளிவு, பாய்ச்சல், பிடித்த மீன் என்று கட்டம் கீறி வைத்தேன். மூன்று நாள் தும்பிகள் மட்டும் உட்கார்ந்தன. நான்காம் நாள் 6.20க்கு ‘சீ’ என்று கேட்டது. கீழ்த்தாடை சிவந்த ஒன்று வந்து உட்கார்ந்து, தலையை இருமுறை ஆட்டி, பாயாமலே வாலைத் தூக்கி, கம்பில் முதல் வெள்ளைக் கோட்டை இழுத்துவிட்டுப் பறந்தது.